வாடகைக்கு விட்ட வீடு கடை. கடையில் சாதி கேட்கக் கூடாது

(எளாவூரில் தொழிற்பேட்டை இளைஞர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியூரிலிருந்து வந்து வீடு தேடுகிறவர்களுக்கு நடைமுறை யோசனைகள் சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். எளாவூரில் பேச வேண்டிய விசயம்தான் இது. இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். அந்தப் பக்கம் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர எல்லை, தடா, சிறீசிட்டி. நடுவில் கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும். ஒடிசா, பீகார், அசாம், நம்முடைய தென்மாவட்டங்கள், வடமாவட்டங்கள் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வருகிற எல்லோருக்கும் ஷிப்டு முடிந்ததும் ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரைக்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர் நிற்கிறார். அவர் கையில் சில கேள்விகள் இருக்கின்றன.

வெளியூர்க்காரர் என்ற சொல்லே எல்லோருக்கும் ஒரே பொருளில் வருவதில்லை. கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருகிற மேலாளருக்கு 'எக்ஸ்பாட்' என்று பெயர். அவருக்கு நிறுவனமே வீடு பிடித்துக் கொடுக்கும். அவர் சமையலறையில் என்ன வேகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒடிசாவிலிருந்து வருகிற பையனுக்கு 'வடக்கன்' என்று பெயர். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் தங்க, தலைக்கு இவ்வளவு என்று வாடகை. 1990களிலிருந்து கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு 'அகதி' என்று பெயர். 2021இல் அரசு அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. ஆனால் முகாமில் பிறந்து வளர்ந்தவர் வெளியே ஒரு வீடு கேட்டால், "போலீசு கேட்டா யாரு பதில் சொல்றது?" என்று கதவு பாதியிலேயே நின்றுவிடுகிறது. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வருகிற தலித் பையன் தமிழன்தான், இந்த மாநிலத்துக்காரன்தான். அவனிடம் கேட்கப்படும் கேள்வி வேறு: "எந்த ஊருப்பா? ஊருல எந்தப் பக்கம்?"

இந்த 'எந்தப் பக்கம்' என்பதன் பொருள் இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் தொழில், குலதெய்வத்தின் பெயர், கறி சாப்பிடுவீர்களா, எந்தக் கறி என்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சாதி என்ற சொல்லை வீட்டுக்காரர் உச்சரிக்கவே மாட்டார். தேவையும் இல்லை. இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்து, "அவங்க சொந்தக்காரங்களுக்கே விடுறாங்களாம்" என்பார். பலகை மட்டும் அடுத்த மாதமும் அங்கேயே தொங்கும்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஒருவர் வேலை கிடைத்த ஊரில் வாடகைக்கு இடம் தேடிய கதை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1917. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, லண்டனிலும் படிப்பைத் தொடங்கி இடையில் நிறுத்திவிட்டு, அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் படித்தது பரோடா மன்னரின் உதவித்தொகையில். வேலையும் மன்னர் கொடுத்ததுதான். தங்க இடம் மட்டும் இல்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரில் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் மாடியேறி வந்துவிட்டார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். இந்து நண்பரைக் கேட்டார், கிறித்தவ நண்பரைக் கேட்டார். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறிய நூலில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "அந்தக் காலம்" என்று சொல்லிவிட முடியாது. 2005இல் குஜராத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உறுப்பினர் சேர்க்கையைத் தங்கள் சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளும் சங்க விதி செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டு நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. தலித்துகளும் முஸ்லிம்களும் கூடுதலாக மறுக்கப்பட்டார்கள். போனில் கேட்டதைவிட நேரில் போனபோது மறுப்பு அதிகமாக இருந்தது. படிப்பு வந்தால், சம்பளம் வந்தால், நகரத்துக்குப் போனால் சாதி விட்டுவிடும் என்று நமக்குச் சொல்லப்பட்டது. நகரத்தில் அது வாடகைப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்காரர் சொல்லும் நியாயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "என் வீடு, என் விருப்பம்." இதற்கு அம்பேத்கரிடமே பதில் இருக்கிறது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதன் வரைவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் எவை எவை என்று உறுப்பினர்கள் விளக்கம் கேட்டார்கள். தன்னை நாடி வருகிற எவருக்கும் சேவை தர ஒருவர் தயாராக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்ற பொருளில் அவர் விரிவாக விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, தனியார் கல்வி நிறுவனம் வரைக்கும் அதை நீட்டியது.

அப்படியானால், நீங்கள் குடியிருக்கிற வீடு உங்கள் வீடு. அங்கே யாரை விருந்துக்கு அழைப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் 'வாடகைக்கு விடப்படும்' என்று வாசலில் பலகை மாட்டிய நிமிடம் அது கடை. கடைக்காரர் விலை சொல்லலாம், பணம் ஒழுங்காக வருமா என்று விசாரிக்கலாம். வாங்க வந்தவரின் சாதியைக் கேட்க அவருக்கு வேலை இல்லை. இதுதான் நம்முடைய நிலைப்பாடு. வாடகை வீட்டுக்கு இதை நேரடியாகப் பொருத்திய தீர்ப்புக்கு நாம்தான் போராட வேண்டும். அதுவரைக்கும் கையில் இருக்கிற கருவிகளைப் பயன்படுத்துவோம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பேச்சின் வரிசை. வீட்டைப் பாருங்கள். வாடகை, முன்பணம், தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் பேசி முடியுங்கள். "சரி, முடிச்சுக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னதை அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்புங்கள்: "இன்ன வீடு, இவ்வளவு வாடகை, இன்ன தேதியில் குடிவருகிறோம், நீங்கள் ஒப்புக்கொண்டபடி." அவர் "ஓகே" என்று ஒரு வார்த்தை போட்டாலும் போதும். ஆவணங்களை அதற்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். பிறகு அவர் மாறினால், ஆவணத்தில் எதைப் பார்த்து மாறினார் என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏன் இந்த வரிசை? ஆதார் அட்டையின் பின்பக்கம்தான் காரணம். நம்மில் பலருக்கு முகவரியிலேயே 'காலனி' என்றும் 'ஆதிதிராவிடர் தெரு' என்றும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் உங்கள் பையில் இருக்கும் அட்டையில் அந்தச் சொல் இன்னமும் இருக்கலாம். முகப்பெண்களை மறைத்துத் தரவிறக்கும் ஆதாரிலும் எண்தான் மறையும், முகவரி மறையாது. வீடு பார்க்கிற கட்டத்தில் அடையாளம் கேட்டால் நிறுவன அடையாள அட்டையையோ பான் அட்டையையோ காட்டுங்கள். பான் அட்டையில் முகவரி இல்லை. ஒப்பந்தம் எழுதும்போது ஆதார் எண் தேவைப்படும், அப்போது கொடுங்கள்.

இரண்டாவது, சாதியைச் சுற்றி வருகிற கேள்விகளுக்கு என்ன பதில்? பொய் சொல்லலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். அம்பேத்கரையே வேறு பெயரில் தங்க வைத்த சமூகம் இது. சொல்லாமல் மறைப்பவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் பொய்ப் பெயரோ பொய் விவரமோ எழுத வேண்டாம். நாளைக்கு அதையே காரணமாக வைத்து உங்களை மோசடிக்காரர் ஆக்குவார்கள். சொல்ல மறுப்பது வேறு, பொய் சொல்வது வேறு. "வாடகை மாசம் அஞ்சாம் தேதி வந்துடும் சார், வேலை செய்யற இடம் இது, மேனேஜர்கிட்ட வேணும்னா பேசுங்க. மத்தது எதுக்கு சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

மூன்றாவது, எழுத்து. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று தரகர்கள் சொல்வது பழைய கணக்கு. அது பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம். வாடகைச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் பாதிப்பு நமக்குத்தான். ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்க அதே சட்டம் வீட்டுக்காரருக்கு வழி தருகிறது. லைன் வீடுகளில் வாய்வார்த்தையில் குடியிருக்கும் தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பணம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் பொது விதி. பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னை வழக்கம் ஊர்ப் பழக்கமே தவிர சட்டம் இல்லை. கூடுதல் தொகைக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம், அதனால் படித்துவிட்டுப் போடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. முடிந்தவரை வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ கொடுங்கள், குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். குடிபோகிற அன்றே சுவர், குழாய், கதவு, மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்று அரசு தருகிறது. பத்து அறைக்கு ஒரே மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அந்த இலவசம் உங்களிடம் வந்து சேராது. தனி மீட்டர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஐந்தாவது, குடியேறிய பிறகு வருகிற தொல்லை. பல நேரம் வீடு கிடைத்த பிறகுதான் சாதி தெரியவருகிறது. ஊரிலிருந்து அம்மா வருவார், ஒரு திருமண அழைப்பிதழ் வரும், ஏப்ரல் 14 அன்று வாட்ஸ்அப்பில் நீலக்கொடி ஏறும். மறுநாள் தண்ணீர் நிற்கும். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 2017 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நிறுத்தினால் வாடகை ஆணையத்தில் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். சமையலறையை எட்டிப் பார்க்க நினைத்த நேரத்தில் உள்ளே வரவும் முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

ஆறாவது, சாதியைக் காட்டி மறுத்தாலோ விரட்டினாலோ என்ன செய்வது? இரண்டு சட்டங்களை நினைவில் வையுங்கள். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு இடத்தைக் கட்டவோ வாங்கவோ அதில் வசிக்கவோ தீண்டாமையின் பெயரால் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை மறுப்புக்கு இது பொருந்தாது என்று வீட்டுக்காரரின் வக்கீல் வாதாடுவார். வாதாடட்டும். வழக்கே போடாமல் தீர்ப்பு வராது.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்துக்குப் பிறகு அதில் நமக்குத் தேவையான இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை வசிப்பிடத்தை விட்டு வெளியேறச் செய்வது குற்றம். சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ செய்வதும், செய்வேன் என்று மிரட்டுவதும் குற்றம். பணத்துக்குக் கிடைக்கிற சேவையையும் ஒப்பந்த வாய்ப்பையும் மறுப்பது பொருளாதாரப் புறக்கணிப்பு என்று சட்டமே விளக்கம் தருகிறது. பலர் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது தனிக் குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. "முதல்ல விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று காவல் நிலையத்தில் இழுத்தால் இதைச் சொல்லுங்கள். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566.

சான்று இல்லாமல் இவை எதுவும் நகராது. செய்திகளை அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு முறையான சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். தனியாக வீடு பார்க்கப் போகாதீர்கள். கூட ஒருவர் வந்தால் துணையும் ஆச்சு, சாட்சியும் ஆச்சு.

இனி நாம் கூட்டாகச் செய்ய வேண்டியது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. அதைக் காகிதத்தில் விட்டுவிடாமல், கறுப்பர் ஒருவரையும் வெள்ளையர் ஒருவரையும் ஒரே வீட்டுக்கு அனுப்பிப் பதிலை ஒப்பிட்டார்கள். அப்படிச் சோதனைக்குப் போனவருக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் அவரே வழக்குப் போடலாம் என்று 1982இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் சியாட்டில் நகரம் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியையும் சேர்த்தது. அதில் வீட்டுவசதியும் அடங்கும். நம் ஆட்கள் கப்பலேற்றிக் கொண்டுபோன சாதியை அங்கே ஒரு நகரசபை சட்டத்தால் தடுக்கிறது. நம்முடைய 2017 வாடகைச் சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லை.

அதனால் மூன்று கோரிக்கைகள். சாதி, மதம், மொழி, திருமண நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடை செய்யும் பிரிவு ஒன்றை அந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். வாடகை ஆணையத்துக்கு அதைத் தண்டிக்கும் அதிகாரம் வேண்டும். இரண்டாவது, தொழிற்பேட்டைக்குள்ளேயே தொழிலாளர் குடியிருப்பு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் வளாகத்தை சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அங்கே முடிந்தது கும்மிடிப்பூண்டியில் ஏன் முடியாது? மூன்றாவது, நிறுவனங்களின் பொறுப்பு. மேலாளருக்கு நிறுவனத்தின் பெயரில் வீடு எடுக்க முடிகிறது என்றால், பயிற்சித் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் எடுக்க முடியும். வேறு மாநிலத் தொழிலாளிக்குத் தங்குமிடம் தருவது ஒப்பந்ததாரரின் கடமை என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல், இங்கேயே தொடங்கக் கூடியது ஒன்று உண்டு. சாதி கேட்காமல் வீடு தருகிறவர்களின் பட்டியலை நாமே தயாரிப்போம். அப்படிப்பட்டவர்கள் எல்லாத் தெருவிலும் ஒருவராவது இருப்பார்கள். புதிதாக ரயிலிறங்கும் ஒரு பையன் தரகரிடம் போவதற்கு முன்னால் அந்தப் பட்டியல் அவன் கையில் இருக்க வேண்டும். அதில் ஒடியா, இந்தி பேசுகிறவர்களுக்கும் இடம் வேண்டும். நம்மிடம் 'எந்தப் பக்கம்' என்று கேட்பவரை எதிர்த்துவிட்டு, அவர்களை 'வடக்கன்' என்று நாமே கூப்பிட்டால் இந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

கடைசியாக, இந்தக் கூட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் மட்டும் இல்லை. உங்களில் சிலருடைய வீட்டில் மாடி போர்ஷன் இருக்கிறது, பின்கட்டில் இரண்டு அறை இருக்கிறது. முகநூலில் அம்பேத்கர் படமும் பெரியார் படமும் வைத்திருக்கிறீர்கள். வீட்டில் அம்மாவோ அப்பாவோ "நம்மாளுங்களுக்கே விட்டுடலாம்" என்று சொல்லும்போது உங்கள் குரல் எங்கே இருக்கிறது? மேடையில் பேசுவது எளிது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் அப்பாவிடம் பேசுவதுதான் கடினம். அடுத்த முறை உங்கள் வீட்டு வாசலில் பலகை தொங்கும்போது, யார் வந்து கேட்கிறார்கள், அவர்களிடம் என்ன கேட்கப்படுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தவறான கேள்வி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நம் பட்டியலின் முதல் முகவரி உங்கள் வீடாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.